பன்னிரண்டு மோட்டார், ஒரு பலகை

காற்று ஓர் அளவைத் தாண்டினால்
கிளைபேடா துறைமுகத்தில் கிரேன்களைப் பூட்டிவிடுவார்கள்.
இன்று பகல் இரண்டு மணிக்கே பூட்டியாகிவிட்டது.
நாற்பது மீட்டர் ஏணி இறங்கி வந்து
சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்,
ஆறு கால் உள்ள ஒன்றோடு.

காலுக்கு இரண்டு மோட்டார்,
தீப்பெட்டி தேறாது ஒவ்வொன்றும்.
எல்லாவற்றுக்கும் எசமானாக
பிஸ்கட் அகலத்தில் ஒரு நீலப் பலகை.

முதலில் எல்லாரையும் ஒன்றாக எழுப்பினேன்.
பன்னிரண்டும் ஒரே மூச்சில் உறிஞ்ச
பலகைக்கு மயக்கம் வந்துவிட்டது.
விளக்கு அணைந்து, எரிந்து,
தான் யாரென்பதை மறந்து
முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.
முதல் வரி: எழுந்திரு.
மறுபடி மயக்கம்.
பதினோரு முறை தட்தட்டென்று மேசை அதிர,
கீழ்வீட்டு ஸ்கிர்மாந்தஸ்
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டினார்.

சரி என்று மோட்டார்களைத்
தனிக்குடித்தனம் வைத்தேன்.
அவற்றுக்கு வேறு பேட்டரி,
பழைய ஸ்கூட்டரில் கழற்றியது.
இப்போது எல்லாம் குளிர்காய்ச்சல் கண்டதுபோல்
நின்ற இடத்திலேயே நடுங்கின.
ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது:
அடுப்பு தனியானாலும்
கறுப்புக் கம்பி பொதுவாக இருக்க வேண்டும்.
தரை ஒன்றாக இல்லாவிட்டால்
இவன் சொல்லும் 'ஐந்து' அவனுக்கு ஐந்து இல்லை.

அடுத்து, 'காத்திரு' என்ற சொல்.
ஒரு காலுக்காகக் காத்திருக்கும்போது
பலகை செவிடாகிவிடுகிறது.
மேசை விளிம்பில் கால் தொங்குவதை
உணரி கத்திக் கத்திச் சொல்லியும்
கேட்கவில்லை. விழுந்தது.
ஒரு கொம்பு உடைந்தது. பசை.

காத்திருப்பதை எடுத்துவிட்டேன்.
கடிகாரத்தை மட்டும் கையில் கொடுத்தேன்.
இப்போது அது பந்தி விசாரிப்பதுபோல் போகிறது:
உனக்கு நேரமா? இல்லை. உனக்கு? இல்லை.
உனக்கு? ஆம், முப்பது டிகிரி.
எந்த இரண்டையும் அது ஒன்றாகச் செய்வதே இல்லை.
பார்ப்பவர்களுக்குத்தான் ஒன்றாகத் தெரிகிறது.

கிரேனில் என் இடக்கை வண்டியை ஓட்டும்,
வலக்கை கொக்கியைத் தூக்கும்.
ஒரே நேரத்தில்தான், சத்தியமாக,
என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.
இன்று அவ்வளவு நிச்சயமில்லை.

வலப்பக்கக் கால்கள் கண்ணாடி பார்த்து மாட்டியவை,
'முன்னே' என்றால் பின்னே போகும்.
அவற்றுக்கு மட்டும் நூற்றெண்பதிலிருந்து கழித்துச் சொன்னேன்.
பீட்ரூட் சூப் ஆறி ஏடு கட்டியது.

ஒன்பதரைக்கு நடந்தது.
மூன்று கால், பிறகு மூன்று கால்.
ஏழாம் மோட்டாருக்கு மட்டும் கொஞ்சம் சுணக்கம்;
அந்தப் பக்கம் லேசாக நொண்டி
சர்க்கரை டப்பாவைச் சுற்றி
விளிம்புக்கு வந்து, நின்று, திரும்பியது.

குழாயில் ஒரு தட்டு.
ஒன்றே ஒன்று.
கோபமா என்று தெரியவில்லை.

அப்புறம் போனில் மான்ட்விதஸ்:
"ஜிவிலே, காற்று இறங்கிவிட்டது. கப்பல் நிற்கிறது."
பேட்டரியைக் கழற்றினேன்.
பன்னிரண்டும் இம்முறை உண்மையாகவே
ஒரே நேரத்தில் தளர்ந்தன.