ஐந்தாவது ஏன்

பிளாக் லைட் அறைக்குள் போனதும்
அறுபது எண்ண வேண்டும்.
கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம், விதி.
நான் எழுபது எண்ணுவேன்.
சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போகிற டிரெய்லர்
சுவரை உலுக்கினால் எண்ணிக்கை தப்பும்,
மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு விளக்கு.
திரவத்தில் முக்கி, கழுவி, மாவு தூவிய பிராக்கெட்டுகள்
ஊதா வெளிச்சத்தில் கறுப்பாய்க் கிடக்கும்.
விரிசல் இருந்தால் மட்டும்
பச்சையாய் ஒரு கோடு கசியும்.
உள்ளே எப்படியென்று வெட்டிப் பார்த்துச் சொல்லலாம்,
வெட்டியது பறக்காது.
அதனால் எங்களிடம்
செய்த விதத்தைக் கேட்கிறார்கள்:
எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, யாருடைய கண்.

தணிக்கைக்கு வந்தவர் குல்கர்னி.
இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை.
உலைக்காரர் பர்னபாஸின் வெப்ப வரைபடம்
கோடு போட்ட மாதிரி.
கழுவுநீரில் உப்பு அளவுக்குள்;
கடலோரம் அதற்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம்.
என் கண் சான்றிதழ் மார்ச் வரை செல்லும்.

மூன்றாம் நாள் இருட்டில் என்னோடு நின்றார்.
அவர் அறுபது, நான் எழுபது.
"ஸ்பெக்ஸ், மேடம்" என்று கை நீட்டினார்.
வாங்கி விளக்கின் கீழ் வைத்தார்.
இருவரும் பார்த்துக்கொண்டிருக்க
கண்ணாடி மெல்லக் கறுத்தது,
பால் திரிவதுபோல் சத்தமில்லாமல்.

பதினொரு நாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பிராக்கெட்.
அத்தனையிலும் என் முத்திரை, எண் நான்கு.
பெங்களூர் போன பெட்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.
முதலாளி திட்டவில்லை. டீ சொல்லி
எனக்கும் ஒன்று வைத்தார்.
ஏடு கட்டும்வரை அங்கேயே இருந்தது.

படிவம் வந்தது.
மூலகாரணம்: ஐந்து முறை ஏன் என்று கேட்கவும்.

ஏன் பார்வை மங்கியது? லென்ஸ் கறுத்தது.
ஏன் அந்த லென்ஸ்? மகன் வாங்கித் தந்தான்,
தேரடிக் கடையில், முதல் சம்பளத்தில்.
ஏன் அதையே? வெயிலில் தானாய்க் கறுக்குமாம்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கையில்
அம்மா கண்ணைச் சுருக்குகிறாளாம்.
ஏன் யாரிடமும் சொல்லவில்லை?
புதுக் கண்ணாடி எப்படியிருக்கு என்று
எல்லாரிடமும்தானே கேட்டேன்.
நல்லாயிருக்கு என்றார்கள்.

ஐந்தாவதை விட்டுவிட்டேன்.

பெட்டிகள் வந்தன.
காது உடைந்து செம்புக் கம்பி சுற்றிய பழைய கண்ணாடி.
ஆறு இரவு.
ஒன்றிலும் கோடில்லை.
பர்னபாஸ் கை தட்டினார்:
"பாத்தியா ஜெசிந்தா, உன் கண்ணு தப்பல!"
தப்பாதது பிராக்கெட்.
அந்தப் பதினொரு நாளும் நான்
முத்திரை குத்தினேன், அவ்வளவுதான்.

அன்றிரவே ஐந்தாவதை எழுதினேன்:
ஒன்றும் தெரியவில்லை என்பதை
ஒன்றும் இல்லை என்று எழுதிவந்தேன்.

அலுவலகத்தில் அதை அடித்துவிட்டு
'பயிற்சிக் குறைபாடு' என்று டைப் செய்து அனுப்பினார்கள்.
ஏற்கப்பட்டது.

மகன் தந்தது கைப்பையில் இருக்கிறது.
பஸ் நிறுத்தத்தில் போட்டுக்கொள்கிறேன்.
வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு.