நாற்பத்தோரு எட்டு

மேசையில் மூன்று பட்டியல்.
ஒன்று மருந்து. ஒன்று துணி.
மூன்றாவதில் வெறும் கேள்விகள்:
ஊசிமருந்து வைக்கக் குளிர்பெட்டி உண்டா
குளியலறை வாசலில் படி இருக்குமா
இரவில் மின்சாரம் நிற்குமா போகுமா
மருத்துவமனை கூப்பிடு தூரமா, படகு தூரமா.

வெளியே ப்ளஃப் துறைமுகத்தின் ஜூலைக் காற்று
கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணுகிறது.
டூகல் கணப்படுப்போரம் போர்வைக்குள்.
முப்பத்தாறு வருடம் சிப்பிப் படகில் நின்று
நீரிணையிடம் அறை வாங்கியவன்
தேநீர்க் கோப்பையை
இரண்டு கையால் பிடித்திருக்கிறான்.

தீவுக்குப் போகலாம் என்றது அவன்தான்.
இத்தனை கடல் போதாதா என்றேன்.
"எனக்கு வேலை வைக்காத கடலை
நான் இன்னும் பார்த்ததில்லை."

காப்பீட்டுக்காரர் ஐந்து பேர்.
நால்வர் மறுத்தார்கள், மிக மரியாதையாக.
ஐந்தாமவர் எல்லாவற்றுக்கும் தருவாராம்:
தொலைந்த பெட்டிக்கு, தவறிய விமானத்துக்கு,
உடைந்த பல்லுக்குக்கூட.
அவன் கணையத்தை மட்டும் விட்டுவிட்டு.

மார்ஃபினை எடுத்துப்போகக் கடிதம் வேண்டும்.
விண்ணப்பத்தில் செப்டம்பர் என்று எழுதியிருந்தேன்.
மருத்துவர் ஃபரிபா அதை அடித்து
ஆகஸ்ட் என்று திருத்தினாள்.
பேனாவை மூடினாள்.
மறுபடி திறந்து
'முதல் வாரம்' என்று சேர்த்தாள்.
வீடு வரும்வரை இருவரும்
வானிலை பற்றியே பேசினோம்.

பதின்மூன்று விடுதிகளுக்கு எழுதினேன்.
படங்கள் வந்தன.
எந்தப் படத்திலும் யாருக்கும் களைப்பே இல்லை.
அய்டுடாகியிலிருந்து தெபாயேரு என்ற ஒருத்தி மட்டும்
தொலைபேசியில் அழைத்தாள்.
"எத்தனை எட்டு நடப்பார்?"
தெரியாது என்றேன். அது நாளைப் பொறுத்தது என்றேன்.
"இருங்கள்."
செருப்பு கழலும் ஓசை. ஒரு சேவல்.
அவள் மொழியில் எண்கள்
மெல்ல மெல்லத் தூரமாய்ப் போய்த்
திரும்பி வந்தன, மூச்சு வாங்க.
"கட்டிலிலிருந்து தண்ணீர்வரை நாற்பத்தொன்று.
என் கால் சின்னது, அவருக்குக் குறையும்.
இருபதில் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன்."

அலை?
"பவளத்திட்டு அதை வெளியிலேயே பிடித்துக்கொள்ளும்.
இங்கே சத்தம் மட்டும்தான் வரும்.
திரும்பும்போது மணல் மேடேறும்.
அதற்கு என் மகன் இருக்கிறான்.
தூக்குவான். வாய் திறக்கமாட்டான்."

அன்றிலிருந்து ஒத்திகை.
கட்டிலிலிருந்து வாசல் பதினேழு.
தபால்பெட்டி இருபத்தொன்பது.
அதற்கப்பால் பக்கத்து வீட்டு வேலி,
உறைபனியில் வெளுத்த புல்.
நாற்காலியோடு பின்னாலேயே போகிறேன்.
"அது எதற்கு?"
துடைக்க வேண்டும் என்கிறேன்.
தெருவில் வைத்தா என்று அவன் கேட்பதில்லை.
நேற்று முப்பத்துமூன்று.
இன்று இருபத்தாறு, அதில் கடைசி நான்கு
என் தோளில்.

இரவு விளக்கணைத்த பிறகு
எந்தப் பட்டியலிலும் எழுதாததைக் கேட்டேன்.
அங்கேயே ஆகிவிட்டால்?
காற்று கூரையைப் பாதிவரை எண்ணி முடித்திருக்கும்.
தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

"தெபாயேருவுக்குத்தான் சிரமம்" என்றான்.
பிறகு,
"அவளுக்கு இரண்டு டஜன் சிப்பி கொண்டுபோவோம்."
சுங்கத்தில் விடமாட்டார்கள் டூகல்.
"கேட்டுப் பாரேன்."

எழுந்து விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
மூன்றாவது பட்டியலின் அடியில்,
இடம் போதாமல் சற்றே சாய்த்து
எழுதினேன்:
சிப்பி?