ஈயக்குண்டு

எங்கள் கடலில் பவளம் கிடையாது.
அதெல்லாம் ராமேசுவரம் பக்கம்.
காசிமேட்டுக்கு நேர்கிழக்கே இருப்பது பார்,
வலையைப் பிடித்தால்
விட மறுக்கும் கல்.
தெரிந்தேதான்
மூடிப்போன ஐஸ் பேக்டரியின் வடக்குச் சுவரில்
இருபதடிக்குப் பவளம் வளர்க்கத் தொடங்கினேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எதிரே
பழைய எக்ஸ்ரே தாள் எடைக்குக் கிடைத்தது.
யாருடைய விலா எலும்போ
பின்னால் விளக்கை வைத்ததும்
கடல்விசிறியாக விரிந்தது.
ஒரு தாளின் மூலையில் ‘கிருபாவதி, 43.’
அதை மட்டும் கத்தரிக்கக் கை வரவில்லை.
பெயரோடு, வயதோடு
நடுவில் மாட்டினேன்.

எண்ணூர்ச் சாம்பலை ரெசினில் குழைத்தால்
மூளைப் பவளத்தின் மடிப்பு வரும்.
அளவு சொன்னவர் படகு ஒட்டும் பன்னீர்.
சொல்லாமல் விட்டது, கை வெந்துபோகும் என்பதை.
மீன்பெட்டித் தெர்மோகோல் மேல்
தின்னரைத் தெளித்தால்
தன்னைத் தானே தின்று
துளைதுளையாக நிற்கிறது.
கடல் நூறு வருடம் செய்யும் வேலை.
அரை நிமிடத்தில் முடித்துவிட்டு
மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

வெள்ளைக்கு மட்டும் பெயிண்ட் வாங்கவில்லை.
சாக்கடையோரம் கார்ப்பரேஷன் கோடு போடும்
பிளீச்சிங் பவுடர் போதும்.
வெளிறிச் செத்த பவளத்துக்கு
இதைவிடப் பொருத்தம் உண்டா?
பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சுவரோரம் ஒதுங்க வந்த தேசிங்கு
வந்த வேலையை மறந்து நின்றான்.
“இன்னாமா, இது என் வலை.”
முடிச்சைத் தொட்டுக் காட்டினான்.
இடது கைக்காரன் முடிச்சு.
ஊர் முடிச்செல்லாம் ஒரு பக்கம் சாய
இது மறுபக்கம் சாய்ந்திருந்தது.
போன கார்த்திகையில் பாரில் சிக்க
அறுத்துவிட்டு வந்தானாம்.
“எண்பதாயிரம்.”
இது கரை ஒதுங்கியபோது
உள்ளே இருந்ததைச் சொன்னேன்:
நண்டுகள், பாதி ஆமை,
எதனுடையது என்று தெரியாத
ஒரு முட்டைக் கொத்து.
அவன் தலை குனியவில்லை.
“கல்லு புட்சிக்கினா நான் இன்னா பண்றது?”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

“தப்பா தொங்கவுட்டுக்கீறே.
வன்னி வெள்ளத்துல இப்டியா கெடக்கும்?”
ஏணி கேட்டான்.
ஏறி நின்று
வடக்கிலிருந்து தெற்காக
வலையைச் சாய்த்துக் கட்டினான்.
அன்றைக்குத்தான் அந்தச் சுவரில்
தண்ணீர் ஓடியது.

பிறகு மூன்று நாள் புழுக்கம்.
நான்காம் நாள் கதவைத் திறந்தால்
நெடி கண்ணைக் கரித்தது.
ஈரத்தைக் குடித்த பவுடர்
பக்கத்துச் சிவப்பைத் தின்றிருந்தது,
அடுத்திருந்த ஆரஞ்சையும்.
கிருபாவதியின் வயது போய்விட்டது.
பெயரில் முதல் எழுத்து பாதி.
நான் வைக்காத வெள்ளை
நான் வைத்த வெள்ளையைவிட அதிகம்.
துடைக்கத் துணி எடுத்தேன்.
துணியும் வெளுத்தது.

தேசிங்கு பார்த்துவிட்டு,
நிறம் செத்த மீனுக்குச் சொல்வதுபோல,
“ஐஸ் போடு” என்றான்.
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
சாயங்காலம் மூன்று பெட்டி உடைத்த ஐஸ்
சுவரடியில் வந்து விழுந்தது.
நிறம் திரும்பவில்லை.
இரண்டு பேருக்கும் கால் மட்டும் ஜில்லென்று இருந்தது.

போகும்போது தலையைச் சொறிந்தான்.
“வலை உனக்கே இருக்கட்டும்.
ஈயக்குண்ட மட்டும் கய்ட்டிக்கவா?
வெல ஏறிப்போச்சு.”
நானே கழற்றிக் கொடுத்தேன்.
நாற்பத்தொன்று.
எண்ணினான்.
என் எதிரிலேயே இன்னொரு முறை எண்ணினான்.

கனம் போன வலை
டேபிள் பேன் காற்றுக்கு
சுவரை விட்டு ஒரு சாண் எழும்பி
வன்னியா தெண்டியா
எந்த வெள்ளம் என்று தெரியாமல்
இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.