அமைச்சருக்கு இடப்பக்கம்

கறுப்புச் சட்டை போட்டு வா என்றார்கள்.
துக்கத்துக்காக இல்லை,
கறுப்பின்மேல்தான் கை எடுப்பாகத் தெரியும்.
கமென் பிரோத் நகரசபைக் கூடத்தில்
அமைச்சர் கொஸ்தாதின்சேவுக்கு இடப்பக்கம்
இரண்டடி தள்ளி நிற்கிறேன்.
ஊரார் வீட்டுத் திரைகளின் மூலையில்
தீப்பெட்டி அளவு நான்.

தொங்குபாலம் அறுந்து மூன்று நாள்.
பதினோரு பேர்.
மதகருகே ஒரு மஞ்சள் குடை
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"தவறுகள் நிகழ்ந்துள்ளன."

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.
நாக்குக்குத் தெரிந்த வித்தை விரலுக்குத் தெரியாது.
காது கேளாத அப்பாவும் அம்மாவும்
எனக்குக் கொடுத்த மொழியில்
தள்ளினான் என்று சொல்ல
தள்ளியவனை முதலில் காற்றில் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்.
அங்கிருந்துதான் கை கிளம்பும்.

மழையைச் சொல்வதுபோல் சொல்லிவைத்தேன்.
மேலிருந்து விரல்கள் உதிர,
தவறு விழுகிறது, தவறு விழுகிறது.

முன்வரிசையில் லூக்கான்,
ரொட்டிச் சூளைக்காரர், பிறவியிலிருந்தே கேளாதவர்.
மகள் ரோசித்சாவைப்
பள்ளிப் பையோடு கரையேற்றினார்கள்.
அவர் புருவம் நெரிந்தது. ஒரே ஒரு விரல்:
யார்?

"ஆய்வுகள் ஒத்திவைக்கப்பட்டன."
யார்?
"வடம் மாற்றுவதற்கான நிதி
வேறு பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது."
யார்?
"சில கடிதங்கள் உரிய கவனம் பெறாமல் போயின."

பட்டது, பட்டது என்றே முடிகிறது ஒவ்வொரு வினையும்.
பட்டவர்கள் வெளியே பனியில் நிற்கிறார்கள்.
செய்தவர் ஒருவரும் இல்லாத ஊரில்தான்
எத்தனை செயல்கள்!
கையெழுத்துகள் தாமாகவே காகிதத்தில் இறங்கின.
கோப்புகள் எழுந்து நடந்துபோய்
இழுப்பறைக்குள் படுத்துக்கொண்டன.
துரு மட்டும், பாவம்,
ஒரு நாள் விடுப்பில்லாமல் வேலை பார்த்திருக்கிறது.

"ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."
வருத்தத்தைக்கூட அவர் படவில்லை.

அந்தக் கடிதங்களில் ஒன்றை எனக்குத் தெரியும்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
இதே கூடத்தில் லூக்கான் கையால் சொன்னார்,
நான் வாயால் சொன்னேன்:
வடத்தில் உள்ளங்கை வைத்தால்
பழைய நடுக்கம் இல்லை, வேறு நடுக்கம்.
குறித்துக்கொள்ளப்பட்டது என்றார் ஒரு குமாஸ்தா.
அதையும் பிசகாமல் பெயர்த்துக் கொடுத்துவிட்டு
பேருந்துக்கு நேரமாயிற்றென்று ஓடினேன்.

பெயர்ப்பவளின் விதி ஒன்று உண்டு.
பேசுகிறவர் தன்னைச் சொன்னால்
என் விரல் என் நெஞ்சைத் தொடும்.
அவர் சொல்லவில்லை.
தொட்டது.
நான் ஒத்திவைத்தேன்.
நான் பணத்தைத் திருப்பினேன்.
நான் கடிதத்தைப் படிக்கவில்லை.
மூலையில் தீப்பெட்டி அளவுப் பெண்
மூன்று வாக்கியம் ஒப்புக்கொண்டாள்.
அமைச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.
கூடத்தில் கேட்கத் தெரிந்தவர் எவருக்கும் அது கேட்கவில்லை.

திங்கட்கிழமை தாள் வந்தது:
ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாதென
முடிவு செய்யப்பட்டுள்ளது.
கீழே முத்திரை இருந்தது, பெயர் இல்லை.

அன்று படிக்கட்டில் லூக்கான் வழிமறித்தார்.
நகக்கண்ணில் மாவு.
என்னைக் காட்டி, மூடிய கதவைக் காட்டிக் கேட்டார்:
நீயா, அவரா?

என் கைகள்
கோட்டுப் பைக்குள் இருந்தன.