நோகுதா என்று கேட்டவர்களுக்கு

முதலில் கதிரையைத்தான் தூக்கினார்கள்.
சரியாகத்தான் செய்தார்கள்.
எண்பத்து நாலு கிலோ,
என் இடது காலின் மேல் கிடந்தது.
முழங்கை பட்டு ஜோய்ஸ்ரிக் சாய்ந்திருக்க
மேலே நின்ற சில்லு ஓடிக்கொண்டேயிருந்தது
வானத்திலும் போக ஓர் இடம் இருப்பதுபோல.

மணல் ஏற்றிவந்த உழவியந்திரத்துப் பெடியன்கள்.
"அக்கா, நோகுதே?" என்றான் ஒருத்தன்.
"பற்றறி உடைஞ்சிட்டுதோ பார் தம்பி" என்றேன்.

முத்தையன்கட்டு வலதுகரை, மூன்றாம் வாய்க்கால் மதகு.
முதல் மழையே ஓரத்துக் கிறவலைத் தின்றுவிட்டிருந்தது.
கடைக்குக் கொண்டுபோன முட்டைத் தட்டு மடியில் இருந்தது.
பாவாடையில் வழிந்தது மஞ்சள் கரு,
இரத்தம் இல்லை என்று கண்டதும்
எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்:
முப்பது முட்டை நட்டம்.
காலை எழுதவில்லை.

இரவு பதினொரு மணிக்கு வேர்த்தது.
நெஞ்சுக்கு மேலே மட்டும்.
நெற்றி, காதுமடல், பிடரி.
தலை இடித்தது, கைமயிர் சிலிர்த்தது.
பதினாறு வருடமாய் என்னோடு பேச்சில்லாத கால்
எங்கெங்கோ சுற்றி ஆள் பிடித்துச்
சொல்லியனுப்பியிருக்கிறது.
மச்சாள் சுகிர்தமலர் ரோச் அடித்துப் பார்த்தாள்.
முழங்காலுக்குக் கீழே அது
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மாங்குளத்தில் இளம் டொக்டர், "செல்லோ?" என்றார்.
"அது பழசு. இது கிறவல்."
பழையதற்கு ஓர் ஆண்டு இருக்கிறது,
சொன்னால் அறை அமைதியாகிவிடும்.
இதற்குத் தேதி மட்டும். ஐப்பசி எட்டு, வியாழன்.
யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள், நோவுக்கு எத்தனை?
பூச்சியம்.
வட்டம் போட்டார்.
பிறகு எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார்.
இரண்டு எலும்பும் முறிந்திருந்தன.
வட்டத்தை அவர் அழிக்கவில்லை.

விழுந்தது ஒரு நொடி.
மிச்சமெல்லாம் செவ்வாய்க்கிழமைகள்.
கதிரை பஸ்ஸில் ஏறாது, ஓட்டோவில் மடங்காது.
அது வீட்டில் சார்ஜில் கிடக்க
நான் மட்டும் மச்சாளில் சாய்ந்தபடி போவேன்,
கால் முன்சீற்றுக்கு மேலே.
ஓட்டோவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
மூன்று தட்டு முட்டைக்குக் கிட்ட.

இரண்டாம் கிளினிக்கில், "கால் இப்ப எப்பிடி?" என்றார்கள்.
நீங்கள்தான் சொல்லவேணும்.

மூன்றாம் கிளினிக்கில் ஜெஸ்லினா மிஸ்ஸி ஒன்றும் கேட்கவில்லை.
குனிந்து மணந்து பார்த்தா.
பிளாஸ்டரில் ஒரு யன்னல் வெட்டினார்கள்
நெருப்புப்பெட்டி அளவில்.
உள்ளே என் குதி, சிவந்து, ஈரமாய்,
அடைத்துவைத்த பிள்ளையின் முகம்போல.
பவுடர் டப்பாக் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்து,
"விடிய ஒருக்கா, படுக்கமுதல் ஒருக்கா" என்றா.
நோகாத இடத்தைக்
கண்ணால்தான் நோகவேண்டும்.

புண் ஆற மாசி வந்தது. எலும்பு முந்திவிட்டது,
கொஞ்சம் வளைவாக.
"நடக்கிற கால் எண்டால் திருத்துவம்" என்றார் பெரிய டொக்டர்.
அவர் கெட்டவர் இல்லை.
ஆனாலும் அன்று முழுவதும் அந்த 'எண்டால்'
ஓட்டோவில் எங்களோடு வந்தது.

மதகுக்காக முறைப்பாடு எழுதிக்கொண்டு
பிரதேச சபைக்குப் போனேன்.
மூன்று படி.
கிளார்க் இறங்கிவந்து வெயிலில் நின்று வாசித்தார்.
"எழுத்து வடிவாயிருக்கு" என்றார்.

ஒரு லோட் கிறவல் வந்தது.
பொட்டலம்போலத் தெரிவேன் என்று
வெட்டியெறிந்த இடுப்புப் பெல்ட்டை
மச்சாள் திரும்பத் தைத்துத் தந்தாள்.
இறுக்கிப் போட்டுக்கொண்டுதான் மதகால் போகிறேன்,
முட்டை பின்னால் பெட்டியில்.

விழுந்ததிலிருந்து கதிரை இடப்பக்கம் இழுக்கிறது.
யாழ்ப்பாணத்திலிருந்து சாமான் வர
இரண்டு மாதமாம்.
அதுவரை
நேரே போவதற்குக்
கொஞ்சம் வலப்பக்கமாய் நினைக்கவேண்டியிருக்கிறது.