மூன்றாம் பூச்சு

ஜூன் மாதம் எங்கள் ஃபரோ தீவுகளில்
இருட்டு வருவதில்லை.
தூங்குவதுபோல் நடிக்க
ஒருவருக்கும் வசதியில்லை.

இரவு பதினொன்றுக்கு
படகுக் கொட்டகைக்குத் தார் பூசப் போவான் ஹோக்னி.
ஒரு பூச்சு. இரண்டாம் பூச்சு.
'கொடுத்துவைத்தவள் நீ' என்றார் பக்கத்து வீட்டுச் சாமல்,
'இப்படியொரு உழைப்பாளி.'

கொடுத்துவைத்தவள்தான்.
ஏழு மாதமாக எனக்குக்
கொடுத்துவைத்தது அவன் முதுகு.

முதலில் என் உடம்பைச் சந்தேகித்தேன்.
குளியலறைக் கண்ணாடிமுன் பக்கவாட்டில் நின்று
வயிற்றை எக்கிப் பார்த்தேன்.
பிறகு மீன் தொழிற்சாலையில் ஒருத்தியை.
அவளுக்கு இன்னும் என்மேல் கோபம்,
அது வேறு கதை.

அவனோ உருளைக்கிழங்கில் உப்பில்லை என்பான்,
வாசலில் பூட்ஸைப் போட்டது யாரென்பான்.
பன்னிரண்டு வயது ரன்வா
சைக்கிள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.
'காசில்லையென்றால் சொல்லுங்கள்,
அதற்காக அப்பா வீட்டைவிட்டுப் போக வேண்டாம்.'
வாயெல்லாம் பற்பசை நுரை.

அன்றே அவனைக் காரில் ஏற்றினேன்,
மூன்றாம் பூச்சுக்குத் தார் வாங்க என்று சொல்லி.
கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதை,
ஜூனில் எங்களுக்கு வாய்த்த ஒரே இருட்டு.
பாறையைப் பார்த்தபடி சொன்னான்:
'என்னால் முடியவில்லை, மார்யுன்.'
எது என்று கேட்க வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.

நடுவில் ஒரு ரவுண்டானா உண்டு.
வெளியேறும் வழி வந்தது, விட்டுவிட்டேன்.
அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை.
மூன்று சுற்று சுற்றினோம்,
தலைக்குமேல் அத்தனை கடலையும் வைத்துக்கொண்டு.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.

மருத்துவர் சின்னப் பெண்.
'காலையில் எழும்போது எப்படி?' என்றாள்.
ஹோக்னி காப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.
என் சிரிப்பை இருமலாக்கினேன்.
ரத்தத்தில் சர்க்கரை, குழாய்களில் கொழுப்பு.
மெல்லிய குழாய்தான் முதலில் முறையிடும்,
இதயம் பொறுத்துப் பொறுத்து
ஒரேயடியாகப் பேசும் என்றாள்.
வெட்கம் என்று நாங்கள் மூடிவைத்தது
ஏழு மாதமாக
உள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மாத்திரை இருக்கிறது. மாலை நடை இருக்கிறது.
சில இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை.
ஆனாலும் முதுகு திரும்பிவிட்டது;
பக்கத்தில் இப்போது ஒரு முகம்,
குறட்டையோடு.

கொட்டகையின் வடக்குச் சுவர்
பாதி கறுப்பு, பாதி பழைய மரம்.
எப்போது முடிப்பான் என்று கேட்கிறார் சாமல்.
நேரமில்லை அவனுக்கு என்கிறேன்.

நேற்று மேசைமேல் கடை விளம்பரத் தாள் ஒன்று கிடந்தது.
சிவப்பு சைக்கிள்.
விலைக்குக் கீழே
பேனாவால் இரண்டு கோடு.