பதினைந்துக்கு நான்கு

அல்சூர் ஏரிக்கரை, மே மாதத்து ஒன்பதரை மணி வெயில்.
மேன்ஹோல் மூடியை நெம்பி ஜெட் குழாயை இறக்கினோம்.
மதிப்பீட்டுக் குழுவினர் மூவரும்
தள்ளி நின்றார்கள், மூக்கில் கைக்குட்டையோடு.
பதினொரு நிமிடம்.
அடைப்பு அறுந்து
சாக்கடை ஒருமுறை செருமிவிட்டு ஓடியது.
யாரும் உள்ளே இறங்கவில்லை.
காட்ட வந்ததே அதைத்தான்:
யாரும் உள்ளே இறங்கவில்லை.

செயல்விளக்கத்துக்குப் பதினைந்து மதிப்பெண்.
எங்களுக்கு நான்கு.

அவர்கள் வண்டியே கொண்டுவரவில்லை.
ஏசி அறையில் திரையில் ஓட்டிக் காட்டினார்கள்.
திரையில் ஓடும் சாக்கடை நாறாது.
பதினான்கு.

எழுபது எடுத்தால்தான் விலை உறையைத் திறப்பார்கள்.
கணினிக்குள்தான் உறை; ஆனாலும் உறை.

"விடு பவம், நாளைக்கும் அவங்க முகத்துலதான் முழிக்கணும்"
என்றார் தேவசகாயம், பாதிப் பங்குக்காரர்.
வங்கித் தவணைத் தேதியையும் நினைவூட்டினார்.
சரிதான் என்று படுத்தேன்.
தூக்கத்தில் யாரோ கூட்டிக்கொண்டே இருந்தார்கள்:
பன்னிரண்டு, ஒன்பது, இருபத்திரண்டு, நான்கு, பதினான்கு.
எங்கிருந்து தொடங்கினாலும் அறுபத்தொன்று.

பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமையில்
மதிப்பெண் தாளை வாங்கினேன்.
மூன்று கையெழுத்து, ஒரே பேனா.
மூவர் போட்ட நான்கும்
ஒரே பக்கம் சாய்ந்து நின்றன,
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல.
தேதி: இரண்டாம் சனிக்கிழமை.
அன்று அந்த அலுவலகத்தில்
வேலை பார்ப்பது பூட்டு மட்டும்தான்.

உயர் நீதிமன்றம் சிவப்பு.
எதிரே சௌதாவின் நெற்றியில் கல்லெழுத்து:
அரசு வேலை கடவுள் வேலை.
என் டிரைவர் முனிரத்தினம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டான்,
"அப்ப நம்ம வேலை யாரோடது மேடம்?"

வக்கீல் ஹிரேமத் முன்பே எச்சரித்திருந்தார்.
உங்கள் வண்டி நல்ல வண்டி என்று சொல்லாதீர்கள்.
பதினொரு நிமிடத்தை மறந்துவிடுங்கள்.
மதிப்பெண்ணைக் கோர்ட் தொடாது,
போட்ட கையைத்தான் பார்க்கும்.

நீதிபதி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"கவனக்குறைவு, மை லார்ட்" என்றார் அரசு வக்கீல்.
"குறைவு ஒருத்தருக்கே குறைகிறதே"
என்று தாளைக் கீழே வைத்தார்.
புதுக் குழு. நான்கு வாரம். மறுமதிப்பீடு.
அன்று மாலை தேவசகாயம்
அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார்.
வங்கியைப் பற்றிப் பேசவில்லை.

மறுபடி அதே கரை, ஜூலைத் தூறல்.
இம்முறை ஒன்பதே நிமிடம்.
குழுவில் வந்த ஓர் அம்மாள்
கைக்குட்டை எடுக்காமல் குனிந்து உள்ளே பார்த்தார்.
அவர் பார்த்ததையே நம்பி
பத்து நாள் இருந்தேன்.

அறுபத்தொன்பதரை.

இதற்கு வழக்கில்லை என்றார் ஹிரேமத்.
மூன்று பேனா, வேலைநாள்,
ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு காரணம்.
"இந்தத் தடவை முறைப்படி தோற்றிருக்கிறீர்கள்."
பாராட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன்.
ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் விலையை இதுவரை யாரும் பார்க்கவில்லை.
நானும் தேவசகாயமும் ஓர் இரவு முழுக்க
பைசா பைசாவாய் இறக்கிய விலை.
எவ்வளவு என்று எத்தனையோ பேர் கேட்டார்கள்.
சொன்னால் ஆறிவிடும்போல் இருந்தது. சொல்லவில்லை.

போன வியாழன், சிவாஜிநகர்.
வென்றவர்களின் புது வண்டி ஓரமாய் நின்றது,
இன்ஜின் அணைத்து, மாலை வாடாமல்.
பக்கத்தில் மூடி திறந்த மேன்ஹோல்.
விளிம்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
வீட்டு வாசலில் விடுவதுபோல் ஒழுங்காக.

முனிரத்தினத்தை நிறுத்தச் சொன்னேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள், கன்னடத்தில் திட்டினார்கள்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
ஒன்பது. பதினொன்று. பதினைந்து.

இருபத்தேழாவது நிமிடம் ஒரு தலை வந்தது, பிறகு தோள்.
மேலே ஏறி வானத்தைப் பார்த்து இருமினார்.
செருப்பை மாட்டவில்லை,
நனைந்துவிடும் என்று
கையில் எடுத்துக்கொண்டு போனார்.